யார் சொன்னது, எதை அளந்து சொன்னது?

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடமில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தின் அடியிலிருந்து அத்தி வரதர் எழுந்தருளியிருந்தார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். அதற்கு முந்தைய தரிசனம் 1979இல். அதே கோடையில் சென்னையின் ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. தெருவுக்குத் தெரு குடங்கள் வரிசையில் நின்றன. அந்த வாரங்களில் இரண்டு செய்திகள் கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருந்தன. அத்தி வரதர் வெளியே வந்துவிட்டார், இனி மழை கொட்டும் என்பது ஒன்று. 2020க்குள் டெல்லி, பெங்களூரு, ஐதராபாத், சென்னை உட்பட 21 நகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும், 10 கோடிப் பேர் பாதிக்கப்படுவார்கள் என்பது இன்னொன்று.

முதல் செய்தியைப் பார்த்துச் சிரித்தவர்களே இரண்டாவதை நாலு பேருக்கு அனுப்பினார்கள். அதில் அரசு நிறுவனத்தின் பெயர் இருந்தது, எண் இருந்தது, ஆண்டும் இருந்தது. வேறென்ன வேண்டும்?

முதலாவது நம்பிக்கை, நம்பிக்கையாகவே அது இருக்கட்டும். அதைச் சான்றாக எடுக்கப் போனால்தான் சிக்கல். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதை வைத்து மழைக்கணக்குப் போட்டால் ஒரு நூற்றாண்டுக்கு இரண்டோ மூன்றோ புள்ளிகள்தான் கிடைக்கும். தவிரவும் ஜூலை, ஆகஸ்டில் வட தமிழகத்தில் மாலை இடிமழை எந்த ஆண்டும் பெய்யக்கூடியது. இரண்டாவது செய்தியைத்தான் நாம் இன்னும் கடுமையாகச் சோதித்திருக்க வேண்டும். அது நிதி ஆயோக் 2018 ஜூனில் வெளியிட்ட நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கையில் வந்தது. அறிக்கை உலக வங்கியைக் கைகாட்டியது. 2019இல் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் ஒருவர் அந்த எண்ணின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனபோது, மூலமாகச் சொல்லப்பட்டவர்கள் இது எங்கள் கணக்கல்ல என்று கைவிரித்தார்கள். ஆண்டுதோறும் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சுகிறோம் என்பது ஒரு கணக்கு. குறிப்பிட்ட ஆண்டில் கிணறு அடியோடு வற்றும் என்பது முற்றிலும் வேறு கணக்கு. 2020 வந்தது, போனது. சென்னையில் ஆழ்துளைக் கிணறுகள் இன்றும் ஓடுகின்றன. நிலத்தடி நீரை வரம்பு மீறி எடுப்பதும் இன்றுவரை நிற்கவில்லை. ஆக, மிகைப்படுத்திய எச்சரிக்கை பொய்த்ததால் பிரச்சினை பொய்யாகிவிடவில்லை. அடுத்த எச்சரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளாமல் போனதுதான் மிச்சம்.

காலநிலை மாற்றம் பற்றிய விவாதங்களில் எந்த மூலத்தை நம்புவது என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்வது, யார் பணம் கொடுத்தார்கள் என்று பார் என்பதுதான். நியாயமான கேள்வி. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே புவி எவ்வளவு சூடேறும் என்று கணித்து வைத்திருந்தார்கள். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னால் பலித்தன என்று 2023இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அந்த நிறுவனம் பொதுவெளியில் பல ஆண்டுகள் சந்தேகத்தைத்தான் விதைத்தது. சூரியன்தான் காரணம் என்று எழுதிவந்த வில்லி சூன் புதைபடிவ எரிபொருள் தரப்பிலிருந்து பத்தாண்டுக்கு மேலாகப் பெற்ற தொகை 12 லட்சம் டாலருக்கும் அதிகம் என்பது 2015இல் வெளியே வந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு எளிது. ஆனால் ரிச்சர்டு முல்லர் என்ற பெர்க்லி இயற்பியலாளர் குறுக்கே வருகிறார். வானிலை நிலையங்கள் நகரச் சூட்டில் மாட்டிக்கொண்டதால்தான் வெப்பம் ஏறியதாகத் தோன்றுகிறது என்ற ஐயம் அவருக்கு இருந்தது. பல்லாயிரம் நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி மறுபடி கணக்கிட்டார். அதற்குப் பணம் தந்தவர்களில் காலநிலை நடவடிக்கைகளை எதிர்ப்பதில் பேர்போன கோக் குடும்ப அறக்கட்டளையும் ஒன்று. 2011, 2012இல் வெளிவந்த முடிவு: வெப்பம் ஏறியது உண்மை, நகரச் சூடு அதை மாற்றவில்லை, காரணம் மனிதர்கள். பணம் கொடுத்தவரை மட்டும் பார்த்திருந்தால் இந்த ஆய்வைத் தூக்கிப் போட்டிருப்போம். பணம் எங்கிருந்து வந்தது என்பது எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். அங்கே தப்பு நடந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது.

நமக்கு இதைவிட நெருக்கமான வழக்கு நெல் வயலில் நடந்தது. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மதிப்பீடு போட்டது: இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் வெளியாகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஏரிப்பாசன உழவர்களும் அந்தக் கணக்கில் குற்றவாளிகள்தான். எண் எப்படி வந்தது என்று பார்த்தால், மேலை நாட்டு வயல்கள் சிலவற்றில் அளந்ததை இந்தியாவின் மொத்த நெல் பரப்பால் பெருக்கியிருந்தார்கள். தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ராவின் தலைமையில் 1991இல் நாட்டின் பல பகுதிகளில் வயலிலேயே அளவெடுத்தார்கள். பயிரின் மேல் ஒளி புகும் பெட்டியைக் கவிழ்ப்பது, குறித்த நிமிட இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்றைச் சிரிஞ்சால் இழுப்பது, ஆய்வகத்தில் மீத்தேன் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பது. முடிவு சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மழையை நம்பிய வயலும், இடையிடையே நீர் வடிந்து காயும் வயலும் எப்போதும் நீர் கட்டிய வயலைப் போல மீத்தேன் விடுவதில்லை.

அதே 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். வாஷிங்டனின் உலக வள நிறுவனம் இந்தியாவையும் சீனாவையும் பெரிய மாசாளர்கள் வரிசையில் வைத்திருந்ததற்குப் பதில் அது. ஏழை உழவனின் வயலிலிருந்து வருவதையும் பணக்காரரின் காரிலிருந்து வருவதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. இதில் இரண்டு தரப்புக்கும் சார்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறைந்த எண் வந்தால் இந்தியாவுக்கு லாபம். மித்ரா அரசு விஞ்ஞானி. அப்படியிருந்தும் அவருடைய எண் நிலைத்தது. தேசப்பற்று அதற்குக் காரணமில்லை. பெட்டியையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வயலில் இறங்கிச் சரிபார்க்கலாம். இறங்கியவர்களுக்கும் அந்த அளவில்தான் விடை கிடைத்தது.

நம் பக்கத்து ஆள் என்பதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள முடியாது என்பதற்கு இமயமலைப் பனியாறுகளே போதும். ஐபிசிசி எனும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2007 அறிக்கையில், இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகக்கூடும் என்று எழுதியது. அதன் மூலம் உலக இயற்கை நிதியத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை. அதற்கு மூலம் 1999இல் நியூ சயன்டிஸ்ட் இதழில் வந்த ஒரு செய்தி. ஆய்விதழில் வந்த ஆய்வு எதுவும் அடியில் இல்லை. 2009 நவம்பரில் புவியியல் ஆய்வுத் துறையின் ஓய்வுபெற்ற அதிகாரி வி.கே. ரெய்னா எழுதிய ஆவணத்தை அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனியாறுகள் அப்படி ஒன்றும் விபரீதமாகக் கரையவில்லை என்றது அது. ஐபிசிசி தலைவர் பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்ற பொருளில் ஏளனம் செய்தார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரி 20 அன்று, ஐபிசிசி தன் வரியைத் தவறென்று ஒப்புக்கொண்டு விலக்கிக்கொண்டது.

கதை இங்கே முடிவதாகத்தான் மறுப்பாளர்கள் சொல்வார்கள். ஆனால் ரெய்னாவின் ஆவணமும் சக ஆய்வாளர்களின் பரிசீலனைக்கு உட்படாததுதான். சில பனியாறுகளின் பதிவை வைத்து மொத்த மலைக்கும் பேசியது. பிற்பாடு செயற்கைக்கோள் அளவீடுகள் வேறு சேதி சொல்லின. காட்மண்டுவில் உள்ள ஐசிமோட் மலை ஆய்வு நிறுவனம் 2023இல் தந்த மதிப்பீட்டின்படி, 2011க்கும் 2020க்கும் இடையில் இந்து குஷ்–இமயப் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாக உருகின. 2035 என்றவர்களும் தவறினார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றவரும் தவறினார். ஏறத்தாழ ஆயிரம் பக்க அறிக்கையில் ஒரு பத்தி பிழையானதும் அதைத் திருத்த ஒரு வழி இருந்தது. அந்த வழியைத் தலைவரின் வாய்த்துடுக்கால் அடைக்க முடியவில்லை. எனக்கு ஐபிசிசி மேல் இருக்கும் நம்பிக்கை இந்தப் பிழைக்குப் பிறகு குறையவில்லை, கூடியது. பச்சௌரி மேல் அப்படிச் சொல்ல மாட்டேன்.

காஞ்சிபுரத்துக் கடைகளில் சேலை வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் கடைப் பெயரோடு திருப்திப்படுவதில்லை. முந்தானை ஓரத்து ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பட்டு முத்திரைச் சீட்டைக் கேட்பார்கள். இன்னும் சந்தேகம் தீராவிட்டால் ஊடுகதிர் எந்திரத்தில் வைத்து வெள்ளி எத்தனை, தங்கம் எத்தனை என்று பார்க்கவும் ஊரில் வசதி இருக்கிறது. கடைக்காரருக்கு லாப ஆசை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்காக எல்லாக் கடையும் போலி என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போவதில்லை. மழையைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் ஒரு செய்தி வரும்போது இந்தச் சுரண்டிப் பார்க்கும் கை எங்கே போகிறது என்பதுதான் புரியவில்லை.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது அந்தக் கை தேவைப்பட்டது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. வானிலைத் துறை காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்து அந்தத் தேதியில் பதிவிடும். எனவே டிசம்பர் 1ஆம் தேதி பகலும் இரவும் கொட்டியது ஏட்டில் 2ஆம் தேதி மழை. இந்தச் சின்ன விவரம் தெரியாமலேயே எத்தனை பேர் எத்தனை பேரைப் பொய்யர் என்றார்கள்! நாசா எச்சரிக்கிறது, சென்னைக்கு 250 செ.மீ. மழை வரப்போகிறது என்று ஒரு செய்தி பரவி, ஊரைக் காலி செய்யக் கிளம்பியவர்களும் உண்டு. நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. வதந்தி வாட்ஸ்அப்பிலிருந்து மட்டும்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்க்கும் படம் ஒன்றை டிசம்பர் 3 அன்று வெளியிட்டுவிட்டு, சன்னல் காட்சி ஒட்டவைக்கப்பட்டது என்று வெளியில் தெரிந்ததும் நீக்கியது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம்.

வெள்ளம் வடிந்ததும் யார் காரணம் என்ற சண்டை தொடங்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகபட்சமாக நொடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசு சொன்னது. விதிப்படிதான் திறந்தோம், அடையாற்றில் ஓடிய வெள்ளத்தில் ஏரி நீர் ஒரு பகுதிதான் என்று தலைமைச் செயலாளர் அறிக்கை விட்டார். எதிர்க்கட்சிகள் ஏரியைத் திறந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டன. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. வெள்ளம் வந்த நாட்களில் பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்ததால், அங்கே பேசியவர்களுக்குச் சென்னை கைக்குக் கிடைத்த உதாரணமானது.

இதற்கிடையில் நெதர்லாந்து, பிரிட்டன், இந்தியாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் குழு ஒன்று அந்த ஒருநாள் மழையில் மனிதர் உண்டாக்கிய வெப்பமேற்றத்தின் பங்கு எவ்வளவு என்று தேடியது. டெல்லி ஐஐடியின் கிருஷ்ண அச்சுதராவ் அதில் ஒருவர். 2016 டிசம்பரில் அமெரிக்க வானிலைக் கழக இதழில் வந்த முடிவு பலரும் எதிர்பாராதது: பங்கு எதுவும் தென்படவில்லை. வங்கக் கடலின் மேற்பரப்பு வெப்பம் அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளில் பெரிதாக ஏறவில்லை. காற்றில் மிதக்கும் தூசும் புகையும் வெப்பமேற்றத்தை மறைத்திருக்கலாம் என்றார்கள். இந்தக் குழுவின் முன்னணி ஆட்கள் வேறு இடங்களில் வெப்ப அலைகளுக்கும் கனமழைக்கும் காலநிலை மாற்றமே காரணம் என்று நிறுவியவர்கள். தங்களுக்கு உவப்பான விடை வராதபோதும் அதை அச்சிட்டார்கள். என் கணக்கில் அவர்களுடைய மற்ற முடிவுகளுக்கும் இதனால் மதிப்பு ஏறுகிறது. 2018இல் இந்திய ஆய்வாளர்களின் வேறொரு கட்டுரை, கடல் சூடேறியதற்கும் எல் நினோவுக்கும் அந்த மழையில் பங்குண்டு என்று வாதிட்டது. ஆகவே அந்த ஒரு நாளைப் பற்றிய வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. பொதுவான விதி அப்படித் திறந்து கிடக்கவில்லை: காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும்; மழை கொட்டும்போது அதிகமாகக் கொட்டும்.

இந்தச் சண்டையில் பாதி, ஆளுக்கொரு கேள்விக்கு விடை சொன்னதால் வந்தது. மதகு எப்போது திறந்தது, கோப்பு எந்த மேசையில் கிடந்தது என்பதற்குத் தணிக்கையாளரைவிட நல்ல சாட்சி இல்லை. கடல் ஏன் சூடேறியது என்று அவரிடம் கேட்கக் கூடாது. மழை ஏன் பெய்தது என்று சொல்லும் விஞ்ஞானிக்கு அடையாற்றங்கரையில் பட்டா கொடுத்தது யார் என்று தெரியாது. அமைச்சர்களுக்குக் காலநிலை மாற்றம் என்ற பெயர் இனிக்கும். ஏரி நிர்வாகத்தின் பழியை அது தூக்கிக்கொண்டு போய்விடும். எந்த விடை ஒருவருக்கு வசதி என்று தெரிந்துகொண்டு, அந்த விடையை அவர் சொல்லும்போது மட்டும் கூடுதல் சான்று கேட்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்து நெசவாளியும் ஒரு மூலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறிக்குள் நீர் சுரக்கும், ஈரத்தில் பாவு தொய்யும், தறி நிற்கும். இப்போதெல்லாம் மழை ஒரேயடியாக ஊற்றிவிட்டு நின்றுவிடுகிறது என்று அவர் அனுபவத்திலிருந்து சொல்கிறார். எந்த வீட்டில் எந்த மழைக்கு நீர் ஏறியது என்பதில் அவர் சொல் கல்வெட்டு. முப்பது ஆண்டுப் போக்கு என்று வரும்போது மட்டும் எல்லோருடைய நினைவையும் போல அவருடையதும் பெரிய மழைகளை வைத்துக்கொண்டு சாதாரண ஆண்டுகளைக் கழித்துவிடும். கூட்டுறவுச் சங்கங்களில் சேலை ஒப்படைத்த தேதிகள் பதிவாகின்றன. மழை மாதங்களில் வரத்து எவ்வளவு குறைந்தது என்று அந்தப் பேரேடுகளிலிருந்து கணக்கெடுத்தால் அவருடைய பேச்சுக்கு எலும்பு கிடைக்கும். பல்கலைக்கழகங்கள் மாவட்டவாரியாக வெளியிடும் எதிர்கால மழைக் கணிப்புகளைவிட இது நெசவாளிக்குப் பயன்படும். உலகச் சராசரியில் உறுதியாகப் பேசும் மாதிரிகள் ஒரு மாவட்டத்துக்கு இறங்கும்போது தடுமாறும் என்பதை அறிக்கைகள் எழுதத்தான் செய்கின்றன. ஐபிசிசி ஒவ்வொரு வரிக்கும் எத்தனை உறுதி என்று குறிக்கிறது. நாளிதழ்த் தலைப்புக்கு வரும்போது அந்தக் குறிப்புதான் முதலில் வெட்டுப்படுகிறது.

காஞ்சிபுரத்துக்கு அருகே பரந்தூரில், எந்த மூலத்தை நம்புவது என்பதே வாழ்வா சாவா என்று நிற்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். திட்டப் பகுதியில் ஏரிகளும் ஓடைகளும் இருக்கின்றன, கம்பன் கால்வாய் போகிறது. இம்மாதிரித் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை, 2006 அறிவிக்கையின்படி, திட்டத்தைக் கொண்டுவருபவரே ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுத்துத் தயாரிக்கிறார். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது பல திட்டங்களில் வழக்கம். ஏரிப் பகுதியைச் சித்திரையில் போய் அளந்துவிட்டு வெள்ளம் தேங்காது என்று எழுதினால், எழுதியவர் எத்தனை நேர்மையானவராக இருந்தும் என்ன பயன்? ஊர் மக்களுக்கும் சார்பு உண்டு, நிலம் அவர்களுடையது. அவர்கள் சொல்வதையும் நில அளவைப் படங்கள், பொதுப்பணித் துறை ஏரிக் குறிப்புகள், மழைக்காலச் செயற்கைக்கோள் படங்கள் மூன்றோடும் ஒப்பிடலாம். அந்தச் சோதனைக்கு அஞ்சுகிறவர் யார் என்று கவனித்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறைக்காகக் கொண்டாடப்படுகின்றன. ஏரி வாரியத்துக்கு யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்ற பகுதிதான் இங்கே பொருந்துவது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய நெருங்கிய உறவினர். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது, பெருமை பேசும்போது அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஏரியைப் பற்றிப் பேசும் தகுதி கணக்குக் காட்டுபவருக்கே என்று கல்லில் வெட்டிய ஊரில், தாக்க மதிப்பீட்டின் மூலத்தரவை ஊராருக்குத் தமிழில் முழுதாகத் தருவது பெரிய கோரிக்கை இல்லை.

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்றன்றைய நீர்மட்டத்தையும் வரத்தையும் சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. அடுத்த ஐப்பசியில் ஏரி உடையப்போகிறது என்றோ, ஏரி காலியாகக் கிடக்கிறது என்றோ ஒரு செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள். எண்ணோடு தேதியும் அளந்த இடமும் இல்லாத செய்தியை, அனுப்பியவர் உங்கள் மாமாவே ஆனாலும், உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.